ஆராய்ச்சிப் பணியை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது ஒப்பந்தத்தை எழுதும் முறை

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று, சூரிய மின்சக்தியில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்புக்கான கன்ட்ரோலரை, அதாவது மோட்டாரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை, இனி வெளியில் வாங்காமல் தன் சொந்த வடிவமைப்பில் செய்ய விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பும் லேத்தும் வைண்டிங்கும் அந்த நிறுவனத்துக்கு அத்துப்படி. மின்னணுவியலில்தான் ஆள் இல்லை. ஆகவே பெங்களூரில் உள்ள வடிவமைப்பு நிறுவனம் ஒன்றிடம் சர்க்யூட், பிசிபி (மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் பலகை), ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் நிரல்) மூன்றையும் உருவாக்கித் தரும்படி கேட்கிறது. கொட்டேஷன் வருகிறது, பேரம் பேசி ஒரு தொகை முடிவாகிறது. பேரிங்குக்கும் செப்புக் கம்பிக்கும் போடுகிற அதே பர்ச்சேஸ் ஆர்டர் படிவத்தில் ‘கன்ட்ரோலர் வடிவமைப்பு – 1’ என்று எழுதி, பாதிப் பணம் முன்பணம், மீதி முடிந்த பிறகு என்று அனுப்பிவிடுகிறார்கள். பின்னால் வரப்போகும் சிக்கல்கள் அனைத்தும் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கின்றன.

பேரிங் வாங்கும்போது அதன் எண்ணைச் சொன்னால் போதும். வரப்போவது என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும், வந்தது சரியா என்பதை மைக்ரோமீட்டர் சொல்லிவிடும். ஆராய்ச்சிப் பணியில் கேட்பவருக்கும் முடிவு தெரியாது, செய்பவருக்கும் தெரியாது. வேலையின் நடுவில் புதிதாக ஏதேனும் தெரியவரும், அதையொட்டித் திட்டம் மாறும், சில வேளைகளில் முதலில் கேட்டதே தவறு என்றுகூடத் தெரியவரும். எனவே எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தம் இத்தகைய வேலைக்குச் சாத்தியமில்லை. எழுதப்படாத நிலைமை வரும்போது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, அதுவரை உருவானது யாருக்குச் சேரும் என்பதை எழுதிவைப்பதுதான் இங்கே ஒப்பந்தம் செய்யக்கூடிய பணி. முழுமையற்ற ஒப்பந்தங்களைப் பற்றிய இந்தச் சிந்தனையை வளர்த்தவர்களில் ஒருவரான ஆலிவர் ஹார்ட்டுக்கு, ஊக்கத்தொகைகளை ஆராய்ந்த பெங்ட் ஹோம்ஸ்ட்ராமுடன் சேர்த்து 2016-இல் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்விதான். வரைவின் ஒவ்வொரு பிரிவையும் படித்து முடித்ததும், “நாளைக் காலையில் இந்த வேலை நின்றுபோனால் நம் கையில் என்ன இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். நின்றுபோவதற்குச் சண்டை வரவேண்டும் என்பதில்லை. எதிர்த்தரப்பின் முக்கியமான பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விடலாம், அந்த நிறுவனத்தை இன்னொருவர் வாங்கிவிடலாம், உங்களுக்கே பணத் தட்டுப்பாடு வரலாம். இந்தக் கேள்விக்கான பதிலை வழக்கறிஞரால் தர முடியாது; தொழிலை அறிந்த நீங்கள்தான் தர முடியும். நீங்கள் பதிலை எழுதிக்கொண்டு போனால், அதைச் சட்ட மொழியில் பிழையில்லாமல் அமைத்துத் தருவது அவர் பொறுப்பு. கீழே வருபவை இந்தியச் சட்டத்தை ஒட்டியவை.

எதை வெளியே கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

ஒப்பந்தத்தைத் தொடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. போயிங் நிறுவனம் 787 விமானத்தை உருவாக்கியபோது, அதன் பெரும் பகுதிகளின் விரிவான வடிவமைப்பையும் தயாரிப்பையும் பல நாடுகளில் உள்ள கூட்டாளி நிறுவனங்களிடம் கொடுத்து, உருவாக்கச் செலவிலும் அவர்களைப் பங்கேற்க வைத்தது. 2008 மே மாதம் வாடிக்கையாளரிடம் போயிருக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது, வெவ்வேறு இடங்களிலிருந்து அரைகுறையாக வந்த பகுதிகளை ஒன்றாகப் பொருத்துவதில் ஏற்பட்ட தொல்லை. 2009-இல் அந்த நிறுவனம் தென் கரோலினாவில் இருந்த கூட்டாளி ஒருவரின் தொழிற்சாலையை விலைகொடுத்து வாங்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பம்ப் தயாரிப்பாளருக்கும் இதில் பாடம் உண்டு. சர்க்யூட்டை வெளியார் வரையலாம், ஃபர்ம்வேரை வெளியார் எழுதலாம். ஆனால் மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ள வேண்டும், மேகம் மறைக்கும்போது வேகம் எப்படிக் குறைய வேண்டும், கிணறு வற்றும்போது எதை வைத்து அதை அறிய வேண்டும் என்ற அறிவு உங்கள் கூரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதற்குத் தேவைகளை விளக்கும் ஆவணத்தை நீங்களே எழுதுங்கள். சோதனை மேடையை உங்கள் ஆலையிலேயே அமையுங்கள். எதிர்த்தரப்பு சொல்வதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடிய பொறியாளர் ஒருவரையாவது உங்கள் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒருவர் இல்லாமல் எவ்வளவு நல்ல ஒப்பந்தம் எழுதினாலும், அதில் உள்ள உரிமைகளைப் பயன்படுத்த ஆள் இருக்காது.

பணத்தை நிலைகளாகப் பிரித்தல்

மொத்தத்துக்கும் ஒரே விலை பேசினால், தெரியாத ஆபத்துகளுக்கெல்லாம் சேர்த்து எதிர்த்தரப்பு விலையை ஏற்றும். ஏற்றவில்லையென்றால், வேலை கடினமாகும் இடத்தில் சுருக்கு வழி தேடும். மணிக்கணக்கில் கூலி பேசினால், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இராது. இரண்டில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, வேலையின் எந்தக் கட்டத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பது பயன் தரும். தொடக்கத்தில் தெரியாதவை அதிகம். அங்கே மணிக்கணக்கில் கொடுத்து, மேல்வரம்பு ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். தெரியாதவை குறையக் குறைய, அடுத்தடுத்த கட்டங்களுக்கு நிலையான விலை பேசலாம்.

எடுத்துக்காட்டாக மொத்த மதிப்பீடு 20 லட்சம் ரூபாய் என்றால், சாத்தியமா என்று பார்க்கும் முதற்கட்டத்துக்கு 2 லட்சம், மேசைமேல் ஓடிக்காட்டும் முன்மாதிரிக்கு 7 லட்சம், வயலில் வைத்துச் சோதிக்கும் மாதிரிகளுக்கு 7 லட்சம், ஆவணங்களுடன் முழுமையாக ஒப்படைப்பதற்கு 4 லட்சம் என்று பிரிக்கலாம். கடைசித் தொகை ஐந்தில் ஒரு பங்கு என்பதைக் கவனியுங்கள். ஓடுகிற மாதிரியைக் காட்டியவுடன் வடிவமைப்பாளரின் மனம் அடுத்த வேலைக்குப் போய்விடும். ட்ராயிங்கையும் குறிப்புகளையும் ஒழுங்குபடுத்தித் தருவது யாருக்கும் பிடிக்காத வேலை. அதற்காக அவர் திரும்பி வரும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யும் உரிமையை உங்களுக்கென்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தினால் அடுத்த கட்டத்துக்கான பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. முடிந்த கட்டத்துக்கு ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. இந்த இரண்டாம் பாதியைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். முதற்கட்டத்தின் அறிக்கை ‘இந்த விலைக்குள் இது முடியாது’ என்று சொன்னாலும், காரணங்களையும் அளவீடுகளையும் தெளிவாகக் காட்டியிருந்தால் அதற்கு முழுப் பணமும் கொடுக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். ‘முடியாது’ என்ற பதிலுக்குப் பணம் இல்லை என்றால், ‘முடியும் சார்’ என்ற பதிலையே கடைசித் தவணைவரை கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2 லட்சத்தில் தெரிந்திருக்க வேண்டிய உண்மை 16 லட்சம் செலவான பின்பு தெரியவரும்.

பணம் கொடுக்கும் கெடுவிலும் ஒரு சட்டக் கூறு உண்டு. எதிர்த்தரப்பு குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, நீங்கள் எந்தக் கெடுவை எழுதினாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி ஏறும். பொருள் அல்லது சேவை வந்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லையென்றால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் கருதும். ஆகவே முன்மாதிரி வந்த அன்றே சோதனைக்கு நாள் குறியுங்கள். குறை இருந்தால் தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் அந்த 15 நாளுக்குள் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பிவிடுங்கள்.

விற்பனையில் பங்கு தருவதாகச் சொல்லி முன்கூட்டிய செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் எந்த விலையின்மேல் பங்கு கணக்கிடப்படும், எத்தனை ஆண்டுக்கு, எந்த உச்சத் தொகைவரை, கணக்கைப் பார்வையிடும் உரிமை எப்படி என்பவை எழுதப்படாமல் பங்கு பேசக் கூடாது.

முடிந்தது என்று யார், எதை வைத்துச் சொல்வது

‘கன்ட்ரோலர் சிறப்பாகவும் நம்பகமாகவும் இயங்க வேண்டும்’ என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயன் இல்லை. ஏற்றுக்கொள்ளும் அளவுகோலைச் சோதனையின் வடிவில் எழுத வேண்டும். எந்தப் பம்ப், எத்தனை மீட்டர் ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), உள்ளே வரும் மின்னழுத்தம் எந்த எல்லைக்குள், சுற்றுப்புற வெப்பம் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எத்தனை மாதிரிகள், அவற்றில் எத்தனை தேறவேண்டும், எந்தக் கருவியில் அளப்பது, அளக்கும்போது யார் யார் உடனிருப்பது என்ற அனைத்தும் அதில் வரவேண்டும். ‘50 டிகிரி வெப்ப அறையில் முழுச் சுமையில் 8 மணி நேரம், 5 மாதிரிகளும் இடையில் நிற்காமல் ஓட வேண்டும்’ என்பது சோதிக்கக்கூடிய வாக்கியம். ‘நீர் இல்லாமல் ஓடத் தொடங்கினால் 10 விநாடிக்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும்’ என்பதும் அப்படியே. எண்கள் உங்கள் பம்புக்கும் சந்தைக்கும் ஏற்ப மாறும். வாக்கியத்தின் அமைப்பு மாறக் கூடாது. நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐஎஸ் 8034 போன்ற இந்தியத் தரநிலை இருக்கும் இடங்களில் சோதனை முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்காமல் அதையே சுட்டிவிடுவது நல்லது. முடிவில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லையென்றால், கோவையில் உள்ள சிட்டார்க் போன்ற வெளிச் சோதனைக்கூடத்தின் அறிக்கையை இருவரும் ஏற்க வேண்டும் என்றும், சோதனைக் கட்டணம் யாருடையது என்றும் முன்னதாகவே எழுதிவிட்டால் பாதித் தகராறுகள் எழாமலே போகும்.

கட்டாயமானவை வேறு, இலக்குகள் வேறு என்று இரு பகுதியாகப் பிரிப்பது அவசியம். பாதுகாப்பும் அடிப்படை இயக்கமும் கட்டாயத்தில் வரும். ‘ஆற்றல் திறன் 97 சதவீதத்தை எட்ட வேண்டும்’ என்பது, இதுவரை யாரும் அந்த விலையில் செய்யாதது என்றால், இலக்கில் வரும். அதற்கு எதிர்த்தரப்பு தன் திறமைக்கும் அக்கறைக்கும் உரிய முயற்சியைச் செய்து, செய்ததைக் குறிப்பேட்டில் காட்ட வேண்டும் என்பதுதான் கடமை. இரண்டையும் கலந்து எழுதினால், நேர்மையான நிறுவனம் கையெழுத்திடத் தயங்கும். படித்துப் பார்க்காத நிறுவனம் உடனே கையெழுத்திடும்.

இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை என்று எழுதும்போது நிதானம் வேண்டும். பொருளியலாளர்களான ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்குரோமும் 1991-இல் விளக்கிக் காட்டியதுபோல, ஒருவர் பல வேலைகளைச் செய்யவேண்டியிருக்கையில், அளக்க எளிதான ஒன்றுக்கு மட்டும் பெரிய ஊக்கம் வைத்தால், அளக்க முடியாதவை புறக்கணிக்கப்படும். ஆற்றல் திறனில் அரை சதவீதம் கூட்டுவதற்குப் பெரிய தொகை வைத்துவிட்டால், கிராமத்து எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டே பழுது பார்க்கும்படி பெட்டியை அமைப்பதிலும், நிரலில் விளக்கக் குறிப்பு எழுதுவதிலும் யார் நேரம் செலவிடுவார்கள்?

தாமதத்துக்கான தண்டத் தொகையையும் அளவோடு எழுதுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி நீங்கள் குறிப்பிடும் தொகை ஓர் உச்சவரம்புதான். நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டையே தரும். மேலும், ஆராய்ச்சியில் தாமதத்துக்குக் கடும் தண்டனை என்றால், தாமதம் மறைக்கப்படும். அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது தண்டத் தொகையைவிட உங்களுக்கு அதிக மதிப்புள்ளது.

உரிமை யாருடையது

‘பணம் கொடுத்தவனுக்குத்தானே சொந்தம்?’ என்பதுதான் நம்மிடையே உள்ள பொது நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஃபர்ம்வேர் என்பது கணினி நிரல். பதிப்புரிமைச் சட்டம், 1957 அதை இலக்கியப் படைப்பின் வகையில் வைக்கிறது. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஆனால் வெளி நிறுவனம் ஒன்று ஒப்பந்த அடிப்படையில் எழுதித் தந்தால், எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்கப்படாதவரை உரிமை எழுதிய நிறுவனத்திடமே இருக்கும். 20 லட்சம் கொடுத்த பில் கையில் இருந்தாலும் அதுதான் நிலை.

மாற்றிக் கொடுக்கும் ஆவணத்திலும் மூன்று பொறிகள் உண்டு. மூன்றும் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன. எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லையென்றால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பம்ப் ஏற்றுமதி செய்பவர் இதைக் கவனிக்காமல் விட முடியாது. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லையென்றால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். ஆகவே ‘பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாமல் இருந்தாலும் 19(4) உட்பிரிவின்படி உரிமை அற்றுப்போகாது’ என்ற மூன்றையும் வரிவரியாக எழுதச் செய்யுங்கள்.

காப்புரிமையில் கதை வேறு. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, ஊழியரின் கண்டுபிடிப்பு தானாகவே முதலாளியைச் சேரும் என்று சொல்வதில்லை. உண்மையில் முதலில் கண்டுபிடித்தவரிடமிருந்துதான் உரிமை தொடங்குகிறது. எனவே பொறியாளரிடமிருந்து அவருடைய நிறுவனத்துக்கும், அந்த நிறுவனத்திடமிருந்து உங்களுக்கும் உரிமை எழுத்துமூலம் வந்து சேரவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் உங்கள் கைக்கு எதுவும் வராது. சொல்லில் ஏற்படும் சிறு வேறுபாடும் இதில் கெடுதல் செய்யும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், தன் கண்டுபிடிப்புகளை ‘மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்’ என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் சீட்டஸ் என்ற நிறுவனத்தில் ஆய்வுமுறை ஒன்றைக் கற்கச் சென்றபோது, ‘இதன்மூலம் மாற்றித் தருகிறேன்’ என்று அவர்கள் நீட்டிய படிவத்திலும் கையெழுத்திட்டார். சீட்டஸின் அந்தத் தொழிற்பகுதியை ரோஷ் நிறுவனம் வாங்கியது. எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் சோதனை முறையைப் பற்றிய வழக்கு 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், பல்கலைக்கழகத்துக்குத் தோல்வியில் முடிந்தது. வாக்குறுதி எதிர்காலத்தில் நிற்கிறது, மாற்றம் அந்த நொடியிலேயே நடந்துவிடுகிறது என்பதே கீழ் நீதிமன்றம் கண்ட வேறுபாடு. உங்கள் ஒப்பந்தத்தில் நிகழ்கால வினை இருக்கட்டும். கூடவே, தேவைப்படும் படிவங்களில் பின்னால் கையெழுத்திட்டுத் தர வேண்டிய கடமையும் இருக்கட்டும்.

உரிமை எப்போது கை மாறுகிறது என்பதுதான் என் கேள்விக்கு நேரடியான பதில். பெரும்பாலான வரைவுகளில் ‘முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பின்’ என்று இருக்கும். அப்படியானால் மூன்றாம் கட்டத்தில் வேலை நின்றால், கொடுத்த 9 லட்சத்துக்கு ஈடாக உங்களிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் பணம் செலுத்தப்பட்டவுடன் அந்தக் கட்டத்தில் உருவானவற்றின் உரிமை மாறிவிடும் என்று எழுதுங்கள். எதிர்த்தரப்புக்கும் இது நியாயமானதே. பணம் வராத கட்டத்தின் உரிமை அவர்களிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ள முயல்வதும் தவறு. அந்த நிறுவனம் பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நிரல் நூலகங்களும் சர்க்யூட் பகுதிகளும் அதன் பழைய சொத்து. அதைக் கேட்டால் விலை பல மடங்காகும், அல்லது அவர்கள் தம்மிடம் உள்ள நல்லவற்றைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைப்பார்கள். பழைய சொத்து எது என்ற பட்டியலை இணைப்பாகச் சேர்த்து, அது அவர்களுக்கே என்றும், உங்கள் கன்ட்ரோலரைத் தயாரிக்கவும் மாற்றவும் விற்கவும் பழுதுபார்க்கவும் அதைப் பயன்படுத்திக்கொள்ள உங்களுக்குத் திரும்பப் பெற முடியாத உரிமம் உண்டு என்றும் எழுதினால் போதும். பட்டியலில் இல்லாத எதுவும் புதிய சொத்தாகவே கருதப்படும் என்ற ஒரு வரி, பட்டியலைக் கவனமாக எழுத அவர்களைத் தூண்டும். அதேபோல, புதிதாக உருவானவற்றைப் பம்புத் துறைக்கு வெளியே, எடுத்துக்காட்டாக மின்சார வண்டிகளுக்கு, பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை அவர்களுக்குத் தந்தால் உங்களுக்கு இழப்பு இல்லை; விலையில் அது பிரதிபலிக்கும்.

‘இருவருக்கும் கூட்டாகச் சொந்தம்’ என்று முடித்துவிடுவது நட்பாகத் தோன்றும்; கல்வி நிறுவனங்களுடன் பேசும்போது இது அடிக்கடி முன்வைக்கப்படும். காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தாமே அதைத் தயாரித்துப் பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதமின்றி உரிமம் தரவோ தம் பங்கை விற்கவோ முடியாது. சொந்த ஆலை இல்லாத கல்லூரிக்கு அந்த முதல் உரிமையால் பயன் இல்லை; வேறு ஆலையில் செய்வித்துக்கொள்ள நினைக்கும் உங்களுக்கு அந்த இரண்டாம் தடை தொல்லை. ஒருவர் பெயரில் உரிமையும் மற்றவருக்குத் தெளிவான உரிமமும் என்று பிரிப்பதையே நான் விரும்புவேன். கூட்டுரிமை தவிர்க்க முடியாதது என்றால், யார் விண்ணப்பச் செலவைச் செய்வது, யார் வழக்குத் தொடுப்பது, எந்தத் துறையில் யார் தனியாக உரிமம் தரலாம் என்பதையெல்லாம் எழுதி 50-ஆம் பிரிவின் பொது விதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட திறந்த மூல நிரல்களைப் பற்றியும் ஒரு பிரிவு வேண்டும். ஜிபிஎல் போன்ற உரிமத்தில் வரும் நிரலை உங்கள் ஃபர்ம்வேரோடு பிணைத்து விற்றால், அந்த ஃபர்ம்வேரின் மூல நிரலையும் (பொறியாளர் எழுதிய, திருத்தக்கூடிய வடிவம்) வாங்குபவருக்குத் தரவேண்டிய கடமை வரக்கூடும். எந்தெந்த வெளி நிரல், எந்த உரிமத்தில் சேர்க்கப்பட்டது என்ற பட்டியலை ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள்.

மனிதர்களும் ரகசியமும்

கொட்டேஷன் பேச வந்த மூத்த பொறியாளரை நம்பித்தான் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள்; வேலையைச் செய்யப்போவது அவரா என்று கேட்டு, முக்கியமான இரண்டு மூன்று பேரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர்களை மாற்றினால் முன்கூட்டித் தெரிவித்து உங்கள் ஒப்புதல் பெற வேண்டும். வேலையை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதற்கும் அதே விதி. கல்லூரி ஆய்வகத்தில் செய்வித்தால், வேலையில் ஈடுபடும் மாணவர்கள் அந்தக் கல்லூரியின் ஊழியர்கள் அல்லர் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொருவரும் ரகசியக் காப்புக்கும் உரிமை மாற்றத்துக்கும் தனியே கையெழுத்திட வேண்டும்.

பேராசிரியருக்கும் மாணவருக்கும் ஆய்வுக் கட்டுரை என்பது சம்பளத்துக்கு நிகரானது. வெளியிடவே கூடாது என்பது அநியாயம். நல்லவர்கள் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டுவிட்டால் கண்டுபிடிப்பின் புதுமை போய், காப்புரிமை வாய்ப்பும் போய்விடக்கூடும். கட்டுரை வரைவை 45 அல்லது 60 நாள் முன்னதாக உங்களுக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் நீங்கள் தற்காலிக விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யலாம், உங்கள் விலைப் பட்டியல் போன்றவற்றை நீக்கச் சொல்லலாம் என்று எழுதினால் இரு தரப்பின் தேவையும் நிறைவேறும். தற்காலிக விண்ணப்பத்துக்குப் பின் 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிப்பதானால் 39-ஆம் பிரிவின்படி காப்புரிமை அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளியோடு வேலை செய்பவர்கள் இதை விட்டுவிடுவதுண்டு.

எதிர்த்தரப்பு உங்கள் போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்று எழுத விரும்புவீர்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் அப்படிக் கட்டுப்படுத்தலாம். முடிந்த பிறகும் ஐந்தாண்டு கூடாது என்று எழுதினால், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அங்கே உங்களைக் காப்பது, தெளிவாக எழுதப்பட்ட ரகசியக் காப்பும் மேலே சொன்ன உரிமை மாற்றமுமே.

மாற்றங்கள்

தேவை மாறும்போது ஒரு பக்க மாற்றக் குறிப்பு எழுதி, என்ன மாறுகிறது, எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம் கூடும் அல்லது குறையும் என்று குறித்து, இரு பக்கமும் பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப்பில் போன ‘சரி சார்’ எதற்குச் சரி என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிராது. மாதம் ஒருமுறை கூடி, கூட்டக் குறிப்பை மறுநாளே அனுப்பும் வழக்கத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

நிறுத்தும்போதும் தகராறின்போதும்

நிறுத்தம் பற்றிய பிரிவை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக எழுதத் தொடங்குங்கள் என்பேன். எந்தத் தரப்பு, எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும், 15 நாளுக்குள் அதுவரை உருவான சர்க்யூட் கோப்புகள், மூல நிரல், சோதனைப் பதிவுகள், பாதி முடிந்த மாதிரிகள் அனைத்தும் அன்றைய நிலையிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் கட்டத்தில் செய்து முடித்த அளவுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும். பழைய சொத்துக்கான உங்கள் உரிமம் தொடர வேண்டும். 2021-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, சந்தையில் கிடைத்த வேறு மைக்ரோகன்ட்ரோலருக்கு மாற வேண்டிய நெருக்கடி பலருக்கு வந்தது. மூல நிரல் கையில் இருந்தவரால் அதைப் புதிய சிப்புக்கு ஏற்பத் திருத்தச் சொல்ல முடியும். சிப்பில் ஏற்றும் முடிந்த கோப்பு மட்டும் இருப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்ல வேண்டியதுதான். மூல நிரலைக் கடைசிவரை எதிர்த்தரப்பின் கணினியில் மட்டும் வைக்காமல், உங்கள் பெயரில் உள்ள களஞ்சியத்தில் வாரந்தோறும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இழப்பீட்டுப் பொறுப்புக்கு வரம்பு கேட்பார்கள். சிறிய நிறுவனத்துக்கு அது உயிர்நாடி, மறுக்க வேண்டாம். ஒப்பந்தத் தொகை அளவுக்கு வரம்பு வைத்து, ரகசியத்தை மீறுவதையும் பிறர் உரிமையைத் தெரிந்தே திருடிச் சேர்ப்பதையும் மட்டும் அந்த வரம்புக்கு வெளியே நிறுத்துங்கள்.

தகராறு வந்தால், தொழில்நுட்பக் கேள்வியை முதலில் இருவரும் ஏற்ற வல்லுநர் ஒருவர் 30 நாளுக்குள் தீர்ப்பதும், மற்றவை நடுவரிடம் போவதும் நல்ல ஏற்பாடு. நடுவரை உங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பார் என்ற பழைய வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். வழக்கில் அக்கறை உள்ள ஒருவர் தனி நடுவரைத் தாமே நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. இருவர் சம்மதத்திலோ நடுவர் மன்ற நிறுவனம் ஒன்றின் வழியாகவோ நியமிக்கலாம். நடுவர் விசாரணையின் இடம் எந்த நகரம் என்பதையும் எழுதுங்கள்.

ஒப்படைப்பு

கடைசி 4 லட்சத்தை விடுவிப்பதற்கான நிபந்தனையாக ஒரு சோதனையை எழுதிவைக்கும்படி சொல்வேன். எதிர்த்தரப்பு தந்த கோப்புகளையும் குறிப்புகளையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேலையில் அதுவரை ஈடுபடாத உங்கள் பொறியாளர் ஒருவர், பாகங்களைச் சந்தையில் வாங்கி, மூல நிரலைத் தன் கணினியில் தொகுத்து, மூன்று கன்ட்ரோலர்களைச் செய்து முடிக்க வேண்டும். அந்த மூன்றும் முன்மாதிரிகள் தேறிய அதே சோதனையில் தேற வேண்டும். அவர் எங்கே தடுமாறி எதிர்த்தரப்பைத் தொலைபேசியில் அழைக்க நேர்கிறதோ, அந்த இடத்தில் குறிப்பைத் திருத்தித் தர வேண்டியது அவர்கள் கடமை. இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மூன்றாவது பெட்டி உங்கள் சோதனை மேடையில் எட்டு மணி நேரம் ஓடி முடிந்த அன்று மாலையே பணத்தை அனுப்பிவிடுங்கள்.